ஜிக் ஹெட் வார்ப்பு: கழுத்து நிறையவே மாட்டேன் என்கிறது, எங்கே தப்பு செய்கிறேன்?

கரைநண்டு:

வணக்கம் நண்பர்களே. தூண்டிலில் ரப்பர் மீன் மாட்டிப் போடுவதற்கு வேண்டிய ஜிக் ஹெட்டை (முள்ளின் மேல் வார்க்கும் ஈயத் தலை) நானே வார்த்துக்கொள்வது என்று இறங்கி மூன்று வாரம் ஆகிறது. நான் பெரும்பாலும் பாறை இடுக்கில் போடுகிற ஆள். ஒரு காலைப்பொழுதில் ஏழெட்டு ஹெட்டைப் பாறை பிடுங்கிக்கொள்ளும், வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை, அதுதான் காரணம்.

வைத்திருப்பது: இரண்டு பாதியாகத் திறக்கும் அலுமினிய அச்சு, உருண்டைத் தலை, 3.5 கிராமிலிருந்து 14 கிராம் வரை ஐந்து குழி. வார்ப்பிரும்புச் சட்டி, கேஸ் அடுப்பு, நீளக் காம்புக் கரண்டி. ஈயத்தில் பாதி பழைய தூண்டில் குண்டுகள், மீதி கார் சக்கரத்தில் அடிக்கும் பேலன்ஸ் எடைகள், கழித்துப்போட்டதை ஒருவர் வாளியோடு கொடுத்தார்.

பிரச்சினை இதுதான். 14 கிராம் ஒருமாதிரி வந்துவிடுகிறது. 7 கிராமும் அதற்குக் கீழேயும் என்றால் தலையெல்லாம் கிழவர் கன்னம் மாதிரி சுருக்கம், ரப்பரைப் பிடிக்க வேண்டிய கழுத்து பாதிதான் நிறைகிறது, அதில் இருக்க வேண்டிய சின்ன எதிர்முள் சுத்தமாக இல்லை. சரி வீணாக்க வேண்டாம் என்று அதையே கொண்டுபோய்ப் போட்டேன். இரண்டாவது வீச்சிலேயே ரப்பர் நழுவி முள்ளின் வளைவில் போய்ச் சுருண்டுகொள்கிறது, இழுத்துப் பார்த்தால் மீனும் இல்லாமல் புழுவும் இல்லாமல் ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டே வருகிறது.

சூடு போதவில்லை என்று நினைத்துத் தீயை ஏற்றிக்கொண்டே போனேன். ஈயத்தின் மேலே நீலமும் ஊதாவுமாக எண்ணெய்ப் படலம் மாதிரி நிறம் ஓடுகிற அளவுக்கு ஏற்றிவிட்டேன், அப்போதும் கழுத்து நிறையவில்லை. போன ஞாயிறு வேறு கூத்து. எடைகளை நிறையப் போட்டு உருக்கியதில் ஈயம் மணல் கலந்த கூழ் மாதிரி ஆகிவிட்டது, கரண்டியிலிருந்து கட்டிகட்டியாக விழுகிறது.

இன்னொரு கேள்வி. தட்டை மூக்கு வைத்த ஒரு வடிவம் எனக்கு வேண்டும், அதற்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு செய்தேன். இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத்தான் ஊற்றினேன், ‘பட்’டென்று சத்தம், ஈயம் மேலே தெறித்து சட்டைக் கையில் ஒரு ஓட்டை. காய்ந்த அச்சு ஏன் துப்புகிறது?

பழையதக்கை:

தம்பி, முதலில் தீயைக் குறைக்கவும். மற்றதெல்லாம் அப்புறம்.

ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். ஜிக் ஹெட்டுக்கு 370, 400 டிகிரி தாராளம். நீங்கள் பார்த்த அந்த நீல ஊதா நிறம் அழகுதான், ஆனால் ஈயம் தேவைக்கு மேல் சூட்டில் இருக்கிறது என்று அர்த்தம். 500 டிகிரியை நெருங்க நெருங்க ஈயப் புகை கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய அளவுக்குக் கிளம்பும், கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது. அடுப்பில் வேலை செய்பவர்கள் கட்டாயம் ஒரு வெப்பமானி வைத்துக்கொள்ள வேண்டும், குத்துமதிப்பு வேண்டாம்.

உங்கள் ஈயம் சூடாகத்தான் இருக்கிறது, குளிர்ந்து கிடப்பது அச்சு. அலுமினியம் சூட்டை உறிஞ்சுவதில் கெட்டிக்காரன். 14 கிராம் தலையில் ஈயம் மொத்தமாக இருப்பதால் நிறைகிற வரைக்கும் தாக்குப்பிடிக்கிறது. 3.5 கிராம் தலையின் கழுத்து தீக்குச்சிப் பருமன்கூட இருக்காது, ஈயம் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே வழியில் உறைந்துவிடும். சட்டியில் எத்தனை டிகிரி ஏற்றினாலும் அந்த மெல்லிய ஓட்டம் தொடுவது குளிர்ந்த சுவரைத்தானே.

நான் செய்வது இப்படி. ஈயம் உருகுகிற நேரம் முழுக்க அச்சைச் சட்டிக்குப் பக்கத்தில் மின்சாரத் தட்டடுப்பு ஒன்றில் குறைந்த சூட்டில் வைத்திருப்பேன். நேராகத் தீயில் காட்டக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் சூடேறிக் கோணிவிடும், கோணிய அச்சு பிறகு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. அப்புறம் முள் வைக்காமல் ஏழெட்டு தடவை ஊற்றி ஊற்றித் திரும்பச் சட்டிக்கே அனுப்புவேன். முதலில் சுருக்கம் விழும், பிறகு பளபளப்பாக வரும், அதன் பிறகுதான் முள். அதையும் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைப்பதில்லை. ஒரு தகரத்தில் பரப்பி அதே தட்டடுப்பின் ஓரத்தில் வெதுவெதுப்பாக வைத்திருப்பேன், ஏனென்றால் கழுத்துக்கு நடுவே போவது அந்த முள்தான், குளிர்ந்த கம்பியைச் சுற்றி மெல்லிய ஈயம் ஓடாது. நிறையப் பேர் அச்சைச் சூடாக்கிவிட்டு முள்ளை மறந்துவிடுகிறார்கள்.

இன்னும் பிடிவாதம் பிடித்தால் மெழுகுவத்திச் சுடரைக் குழிகளுக்குள் காட்டி மெல்லிய கரி படியவிடுங்கள். ஈயம் வழுக்கிக்கொண்டு ஓடும். பூசுகிறேன் என்று கன்னங்கரேலென்று ஆக்கிவிட வேண்டாம், வடிவம் மழுங்கிவிடும்.

ஊற்றும்போது சொட்டுச் சொட்டாக வேண்டாம், ஒரே மூச்சில் ஊற்றி, குழி நிறைந்த பிறகும் அச்சின் வாயில் கொஞ்சம் ஈயம் தேங்கி நிற்கும்படி விடுங்கள். உறையும்போது ஈயம் சுருங்கும், அந்தத் தேக்கத்திலிருந்துதான் அது இழுத்துக்கொள்ளும். நான்கு எண்ணிவிட்டுத் திறங்கள். ஒருவேளை தலை பளபளப்பில்லாமல் பனி படிந்த மாதிரி வெளுத்து வந்தால் இப்போது அச்சு அதிகமாகச் சூடாகிவிட்டது என்று பொருள், ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

பிளாஸ்டர் விஷயம். வெயிலில் போவது மேலோட்டமான ஈரம்தான். இறுகிய பிளாஸ்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், அது ஜிப்சத்தின் உடம்போடு கட்டுண்டு கிடக்கிறது, நூறு டிகிரியைத் தாண்டிச் சூடேறினால்தான் வெளியே வரும். நீங்கள் 400 டிகிரி ஈயத்தை ஊற்றியதும் அது அத்தனையும் ஒரே நேரத்தில் ஆவியாக ஓடி வந்தது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு பெருக்கும். சட்டையோடு போனதே என்று நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சுட்டுக் காயவைத்தால் பிளாஸ்டர் உதிர ஆரம்பிக்கும், பத்து வார்ப்புகூடத் தாங்காது. வார்ப்புக்கென்றே அதிக வெப்பம் தாங்கும் சிலிகான் ரப்பர் வருகிறது, தட்டை மூக்குக்கு அதில் அச்சு எடுப்பது உத்தமம்.

உலைக்களம்:

தக்கை அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் அந்தக் கூழ் வேறு நோய். துத்தநாகம் கலந்துவிட்டது.

சக்கர எடை எல்லாம் ஈயம் என்ற காலம் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005இல் புது வண்டிகளுக்கு ஈய எடையை நிறுத்தினார்கள், இப்போது ஒரு வாளி எடையைக் கொட்டினால் அதில் ஈயம், துத்தநாகம், இரும்பு மூன்றும் கிடக்கும். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். நீங்கள் 380இல் வைத்திருந்தால் அது உருகாமல் மேலே மிதந்திருக்கும், ஈயத்தை விட எடை குறைவுதானே, கரண்டியால் அள்ளிப் போட்டிருக்கலாம். தீயை ஏற்றியதால் அதையும் சேர்த்து உருக்கிவிட்டீர்கள். ஆக இந்தக் கூழுக்கு அடுப்புத் திருகுதான் மூலம்.

கெட்டுப்போன சட்டியைக் காப்பாற்ற கந்தகம் போடு, அது போடு இது போடு என்று யாராவது சொல்வார்கள், வீட்டில் அந்த வேலை வேண்டாம். அந்த ஈயத்தைத் தனியாக ஊற்றிக் கட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், நங்கூர எடை மாதிரி மொத்தையான எதற்காவது ஆகும். சட்டியையும் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்த உருக்கு.

இனிமேல் எடைகளைப் பிரிக்கும்போது வெட்டுக் கொறடை எடுத்துக்கொள்ளுங்கள். ஈயம் என்றால் கொறடு அழுந்திக்கொண்டு உள்ளே போகும், துத்தநாகம் என்றால் பல் வழுக்கும், கை வலிக்கும். பல எடைகளில் துத்தநாகத்துக்கு இசட் என், இரும்புக்கு எஃப் ஈ என்று எழுத்தே பொறித்திருக்கும், ஆனால் பிரேக் தூசி மூடியிருப்பதால் துடைத்தால்தான் தெரியும். துடைப்பது உருக்குவதற்கு முந்தின நாள், ஈரத்தோடு சட்டிக்குப் போகக் கூடாது. உருகிய ஈயத்தின் மேலே ஒரு துளி விழுந்தால் சீறிவிட்டுப் போகும், ஈரமான கட்டி ஈயத்துக்கு அடியில் போனால் சட்டியே எழும்பும்.

அதுவும் போக, சக்கர எடை ஈயத்தில் ஆன்டிமனி என்ற உலோகம் கலந்திருக்கும், அதனால் கெட்டி. பெரிய தலைக்குப் பரவாயில்லை. சின்னத் தலைக்கும் மெல்லிய கழுத்துக்கும் நகத்தால் கீறினால் கோடு விழுகிற சுத்த ஈயம்தான் நன்றாக ஓடும். உங்கள் பழைய குண்டுகளைச் சின்னக் குழிகளுக்கு என்று தனியாக ஒதுக்குங்கள்.

வண்டி பேட்டரியைப் பிரித்து ஈயம் எடுக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கூடாது. அமிலம் ஒரு பக்கம், அதில் கலந்திருக்கும் ஆர்சனிக் இன்னொரு பக்கம்.

நரம்பறுந்தவன்:

எல்லோரும் ஈயத்தை எப்படி உருக்குவது என்கிறீர்கள், நான் ஈயத்தை விட்ட கதையைச் சொல்கிறேன்.

இரண்டு வருடம் வார்த்தேன். முகமூடி என்று துணியைக் கட்டிக்கொண்டு (அது ஈயத் தூசிக்கு ஒன்றுமே செய்யாது என்று பிறகுதான் தெரிந்தது), மேலே படியும் சாம்பல் நிறக் கசடை வழித்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, தரையில் சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டு. சரியான சூட்டில் உருக்கினால் புகையை விட அந்தக் கசடுப் பொடிதான் பெரிய வில்லன், காய்ந்தால் மாவு மாதிரிப் பறக்கும். பெருக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் மூடிக் கட்டித் தூக்கிப் போட வேண்டும். போட்டிருந்த சட்டையோடு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கியது எல்லாம் இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. குழந்தைகளுக்கு இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று ஒரு அளவே ஈயத்துக்குக் கிடையாது. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். நான் போய்ப் பரிசோதித்தேன், தப்பித்தேன், ஆனால் ரிசல்ட் வருகிற வரைக்கும் தூக்கம் இல்லை. கரைநண்டு, வருடத்துக்கு ஒரு தடவை நீங்களும் பாருங்கள். அப்புறம் ஈயக் குண்டைப் பல்லால் கடித்துத் தூண்டில் நரம்பில் இறுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

சரி, மாற்று. நாம் ஈயம் என்ற ஒரே பெயரில் காரீயத்தையும் வெள்ளீயத்தையும் குழப்பிக்கொள்கிறோம். இவர்கள் பேசுவது காரீயம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், விஷம் இல்லை, ஆனால் எடை குறைவு, 10 கிராம் குழியில் ஊற்றினால் ஆறரை கிராம்தான் வரும். பிஸ்மத் என்ற உலோகம் 271இல் உருகும், அதே குழியில் எட்டரை கிராம் சொச்சம், ஆனால் நொறுங்கும் குணம். பாறையில் மோதினால் ஓரம் பெயரும். நான் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறேன், பிஸ்மத் 58 பங்கு வெள்ளீயம் 42 பங்கு, 138 டிகிரியிலேயே தண்ணீராகிவிடும், சிலிகான் அச்சுக்கு இதை விட இதமான சரக்கு கிடையாது. பிஸ்மத் கலந்ததால் உறையும்போது காரீயம் மாதிரி உள்வாங்காது, கழுத்து கூர்மையாக நிறையும்.

இந்த 138ஐ மறந்ததால் நடந்தது ஒன்று. பவுடர் பெயிண்ட் அடித்து, வழக்கம் போல 175 டிகிரியில் இருபது நிமிடம் வேகட்டும் என்று பட்டறைக்கென்று வைத்திருந்த ஓவனில் தொங்கவிட்டேன். திறந்து பார்த்தால் கம்பியில் இருபது முள் மட்டும் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கிறது, கீழே தட்டில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரே ஒரு பெரிய அப்பளம். முள் எல்லாம் நன்றாக இருந்தது, அதுவரை சந்தோஷம். இந்தக் கலவைக்கு பவுடர் பெயிண்ட் வேண்டாம், எபாக்சியோ நகப்பூச்சோ போதும்.

டங்ஸ்டனில் செய்யலாமா என்று கேட்க வேண்டாம், அது உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும்.

பழையதக்கை:

நரம்பு தம்பி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பாறையில் ஒரு நாளைக்கு எட்டுப் போகிறது என்கிறார், பிஸ்மத்தை அந்தக் கணக்கில் தண்ணீரில் போட யாருக்கும் மனசு வராது.

உலைக்களம்:

அண்ணா, அதே எட்டு ஈயத்தலையும் தண்ணீரில்தான் கிடக்கின்றன. பறவைகள் கல் என்று நினைத்து விழுங்கிவிடும், இரைப்பையில் அரைபட்டு ஒரே ஒரு ஜிக் ஹெட் லூன் என்ற ஒரு நீர்ப்பறவையைக் கொன்றுவிடும். பிரிட்டனில் 1987லேயே 28.35 கிராம் வரையான தூண்டில் ஈயத்தில் மிகச் சின்ன மணிகளைத் தவிர மற்றதைத் தடை செய்தார்கள், அன்னங்கள் செத்ததுதான் காரணம். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டும் ஜிக்கும் கையில் வைத்திருந்தாலே குற்றம், 1997இலிருந்து. அவரவர் இடத்துச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன், சண்டைக்கு இல்லை.

பழையதக்கை:

சண்டை என்ன இதில். பாறையில் மாட்டாமல் போடக் கற்றுக்கொள்வது எல்லாவற்றையும் விட மலிவு, அதையும் சொல்லிவிடுகிறேன். 14 கிராமில் போடுகிற இடத்தில் 7 கிராம் போட்டுப் பாருங்கள், விழுகிற வேகம் குறைந்தால் இடுக்குக்குள் போய்ச் சொருகுவதும் குறையும். கண்ணி (நரம்பு கட்டும் வளையம்) 90 டிகிரியில் நிற்கிற முள்ளை விட 60 டிகிரி சாய்ந்த முள் தடைகளில் வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் முள் மாற்றினால் அச்சும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். கம்பி தடித்திருந்தால் அச்சின் இரண்டு பாதியும் முழுதாக மூடாது, தலை நடுவே சுற்றிலும் பிசிறு வரும்.

கரைநண்டு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி உட்கார்ந்தேன். வெப்பமானி வைத்து 385இல் நிறுத்தினேன், பழைய குண்டு ஈயம் மட்டும், அச்சும் முள்ளும் அரைமணி நேரம் தட்டடுப்பில். வெறும் ஊற்று ஆறாவதிலேயே சுருக்கம் போய்விட்டது. எட்டாவதில் 3.5 கிராம் கழுத்து எதிர்முள்ளோடு வந்து நின்றது, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. (கிட்டே வரவிடவில்லை, ஜன்னலுக்கு வெளியே நின்று தூக்கிக் காட்டினேன்.)

எண்பது வார்த்ததில் ஒன்பதுதான் கழிவு. அதில் நாலைந்தில் கண்ணிக்குள் ஈயம் புகுந்து அடைத்துவிட்டது. இரண்டு சந்தேகம். கழிவைச் சட்டியில் போட்டு உருக்கினால் முள்ளை மறுபடி எடுத்துக்கொள்ளலாமா? போன வாரத்துக் கழுத்தில்லாத ஐம்பது தலைகளை என்ன செய்வது?

பழையதக்கை:

முள் மேலே மிதக்கும், காய்ந்த கரண்டியால் எடுக்கலாம், ஆனால் மறுபடி பயன்படுத்தாதீர்கள். அவ்வளவு சூட்டில் ஊறிய முள் பதம் போயிருக்கும், பெரிய மீன் இழுத்தால் ஊசி மாதிரி நிமிர்ந்துவிடும். வார்க்கும்போது சில நொடி படுகிற சூடு வேறு, சட்டியில் கிடப்பது வேறு.

கண்ணி அடைப்பதற்குக் காரணம் முள் அதன் பள்ளத்தில் சரியாக உட்காராதது. மூடுவதற்கு முன் விரல் நுனியால்... வேண்டாம், குச்சியால் ஒரு தட்டு தட்டி உட்காரவையுங்கள். அடைத்ததைப் பழைய முள் முனையால் குத்தினால் வந்துவிடும். பெயிண்ட் அடிப்பதாக இருந்தாலும் ஓவனுக்கு முன்பே கண்ணியைக் குத்தித் திறந்துவிடுங்கள், வெந்த பிறகு கல் மாதிரி இருக்கும்.

நரம்பறுந்தவன்:

ஐம்பதை உருக்க வேண்டாம். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தையல் நூலைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி மேடாக்கி முடிச்சுப் போட்டு ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விடுங்கள், காய்ந்தால் சொரசொரப்பாக ரப்பரைப் பிடிக்கும். ரப்பரை ஏற்றும்போது தலைக்குப் பின்னால் இன்னொரு சொட்டு. வால் கிழிகிற வரைக்கும் நகராது. கையுறை போட்டுச் சுற்றுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதுவும் ஈயம்தான்.

கரைநண்டு:

பதினைந்து சுற்றிவிட்டேன். நூல் சிவப்பு, கழுத்தில் செவுள் மாதிரியே தெரிகிறது. சனிக்கிழமை போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.